ஈஸ்டில் டிஎன்ஏ பழுதுபார்ப்பு மரபணுக்களைச் சோதிக்கப் போகிறீர்களா? தொடங்கும் முன் இதைப் படியுங்கள்

நான் முதன்முதலில் இந்தச் சோதனையைச் செய்தபோது, நாற்பது பிளேட்டிலும் காலனி என்று எதையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. பால் ஊற்றிவிட்டாற்போல் ஈஸ்ட் படர்ந்து கிடந்தது. பிளேட்டில் கலந்திருந்த நச்சு மருந்து (கனவானின்) கெட்டுவிட்டது என்று நினைத்துப் புது மருந்து வாங்கினோம். அது வர ஒரு மாதம். மறுபடியும் அதே கதை. கடைசியில் பார்த்தால் மருந்தில் ஒரு குறையும் இல்லை. நான் எடுத்த ஸ்ட்ரெயின், அதாவது ஈஸ்ட் வகை, பிறவியிலேயே அந்த மருந்தைத் தாங்கும் ஸ்ட்ரெயின். இப்படி ஒன்றன்பின் ஒன்றாக எனக்கு ஏழு மாதம் போனது. உங்களுக்கு அது ஆறு வாரத்தில் முடிய வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இது யாருக்கு? ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். எம்எஸ்எச்2, ராட்52 போன்ற ஒரு பழுதுபார்ப்பு மரபணுவை நீக்கிய ஈஸ்டைக் கையில் கொடுத்து, "இதில் சடுதி மாற்ற வீதம் எவ்வளவு கூடுகிறது, மறுகூட்டிணைவு என்ன ஆகிறது, பார்த்துச் சொல்" என்று கைடு சொல்லிவிட்டார். சடுதி மாற்றம் என்பது டிஎன்ஏவின் எழுத்து மாறுவது, மறுகூட்டிணைவு என்பது டிஎன்ஏ துண்டுகள் தமக்குள் மாறி இணைவது. அந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

1. என்ன எதிர்பார்க்க வேண்டும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

விடை தெரிந்த ஸ்ட்ரெயின் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அதற்கு, எந்த மரபணு போனால் என்ன நடக்கும் என்பது மேலோட்டமாகவாவது தெரிந்திருக்க வேண்டும்.

டிஎன்ஏ நகலெடுக்கும்போது தவறான எழுத்து விழுந்தால் அதைப் பிடித்துத் திருத்தும் அணியில் எம்எஸ்எச்2 நடுநாயகம். அது எம்எஸ்எச்6 உடன் சேர்ந்து ஒற்றை எழுத்துப் பிழைகளையும் சிறு நழுவல்களையும் பிடிக்கும். எம்எஸ்எச்3 உடன் சேர்ந்து, இழையில் புடைத்து நிற்கும் வளையங்களைப் பிடிக்கும். எம்எஸ்எச்2 போனால் இரண்டு வேலையும் நின்றுவிடும். நான் கீழே சொல்லும் கனவானின் சோதனையில் வீதம் சுமார் 20 முதல் 40 மடங்கு ஏறும். எம்எஸ்எச்3 மட்டும் போனால் அதே சோதனையில் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதை வைத்து "இந்த மரபணுவுக்கு வேலையே இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். அது செய்யும் வேலையை அந்தச் சோதனை பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

ராட்52 வேறு மாதிரி. அறுந்த டிஎன்ஏவை இன்னொரு பிரதியைப் பார்த்து ஒட்டும் வேலைக்கு அது அச்சாணி. அது போனால் மறுகூட்டிணைவு விழுந்துவிடும். எதிரெதிர்த் திசையில் வைத்த இரு பிரதிகளுக்கு இடையே அளந்தால் வீழ்ச்சி 1000 மடங்குக்கும் மேல். ஆனால் சடுதி மாற்றம் ஏறும்! புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் குழம்புவார்கள். காரணம் இதுதான்: ஒட்ட முடியாத சேதத்தை ரெவ்3 புரதம் இருக்கும் பாலிமரேஸ் சீட்டா என்ற நகலெடுக்கும் நொதி எப்படியோ தாண்டிக் கடக்கிறது, கடக்கும்போது பிழை விடுகிறது. ராட்52 உடன் ரெவ்3-ஐயும் நீக்கினால் அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி போய்விடும். சாதாரண ஈஸ்டிலேயே தானாக நிகழும் சடுதி மாற்றங்களில் பெரும் பங்கு ரெவ்3 வழியாகத்தான் வருகிறது. அதனால் ரெவ்3 மட்டும் இல்லாத ஈஸ்டில் வீதம் குறையும்.

எஸ்ஆர்எஸ்2, எஸ்ஜிஎஸ்1 இரண்டும் மறுகூட்டிணைவுக்குக் கடிவாளம். நீக்கினால் அது கூடும். ராட்27 போனால் சடுதி மாற்றம் பல பத்து மடங்கு ஏறும், அதன் வகையும் தனி. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆக, உங்கள் மரபணு எதுவாக இருந்தாலும் மூன்று ஸ்ட்ரெயின்களை ஒரே நாளில் ஒன்றாகச் செய்யுங்கள்: எதுவும் நீக்காத ஈஸ்ட், எம்எஸ்எச்2 நீக்கிய ஈஸ்ட், உங்களுடையது. எம்எஸ்எச்2-இல் வீதம் ஏறவில்லை என்றால் அன்றைய சோதனை செல்லாது. உங்கள் ஸ்ட்ரெயினின் எண்ணைப் பார்க்கவே வேண்டாம்.

2. காகித வேலை

இந்தியாவில் இருந்தால் முதல் வாரமே செய்ய வேண்டியது, ஐபிஎஸ்சி என்று எல்லோரும் சொல்லும் நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவிடம் எழுத்தில் தெரிவிப்பது. ரொட்டிக்குப் போடும் அதே ஈஸ்ட்தான், ஆபத்தில்லாத உயிரிகளின் பட்டியலில் இருப்பதுதான். ஆனாலும் மரபணு நீக்கி, மருந்து எதிர்ப்பு மரபணு செருகியது என்பதால் பதிவு வேண்டும். குழு எப்போது கூடும் என்று விசாரித்து வையுங்கள். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும்.

அடுத்து ஸ்ட்ரெயின். வேறொரு ஆய்வகத்திலிருந்து வாங்கினால் பொருள் பரிமாற்ற ஒப்பந்தம் வேண்டும். அதில் கையெழுத்துப் போடுவது உங்கள் கைடு அல்ல, பெரும்பாலும் நிறுவனத்தின் சார்பில் அதிகாரம் உள்ளவர். அந்தக் கோப்பு மேசை மேசையாக நகரும். வெளிநாட்டுச் சேமிப்பகத்திலிருந்து, உதாரணமாக ஜெர்மனியின் யூரோஸ்கார்ஃபிலிருந்து, வரவழைத்தால் இறக்குமதி அனுமதியும் சேரும். நாட்டுக்குள் யாரிடமாவது அதே ஸ்ட்ரெயின் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஈஸ்ட் வேலை செய்பவர்கள் பொதுவாகத் தாராளமாகக் கொடுப்பார்கள்.

வாங்கும்போது ஸ்ட்ரெயினின் முழு மரபணு விவரத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "ராட்52 நீக்கியது" என்று டியூபில் எழுதியிருப்பது போதாது. எந்தப் பின்னணி, எந்த இணைவு வகை (ஏ-யா, ஆல்ஃபாவா), எந்தெந்த அமினோ அமிலம் இல்லாமல் வளராது, எந்த எதிர்ப்பு மரபணு செருகப்பட்டிருக்கிறது என்பது எல்லாம் வேண்டும். என்னுடைய ஏழு மாதத்தில் நான்கு மாதம் போனது இந்த ஒரு காகிதம் இல்லாததால்தான்.

3. ஸ்ட்ரெயினை நம்பாதீர்கள், சோதியுங்கள்

இந்தப் படிதான் மிக முக்கியம். மற்றதை எல்லாம் பிறகு சரிசெய்யலாம். ஸ்ட்ரெயின் தவறானால் எதுவும் மிஞ்சாது.

சோதனையின் அடிப்படை எளிது. ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை ஈஸ்ட் உள்ளே எடுக்கும் வாசல் கேன்1 என்ற மரபணுவின் புரதம். கனவானின் என்பது ஆர்ஜினின் போலவே தோற்றமளிக்கும் நச்சு. அதே வாசல் வழியாகத்தான் அதுவும் நுழையும். கேன்1 கெட்டால் நச்சு நுழையாது, அந்த செல் மட்டும் பிழைத்துக் காலனியாகும். அப்படி வரும் ஒவ்வொரு காலனியும், எங்கோ கேன்1 கெட்டதற்குச் சாட்சி.

இதிலிருந்தே பொறிகள் எங்கே என்று புரியும்.

முதல் பொறி: டபிள்யூ303. பல ஆய்வகங்களில் புழங்கும் இந்த ஸ்ட்ரெயினில் கேன்1 ஏற்கெனவே கெட்டிருக்கிறது. நான் விழுந்த பள்ளம் இதுதான். அதே ஸ்ட்ரெயினின் பழைய வடிவத்தில் ராட்5 மரபணுவிலும் ஒரு குறை உண்டு. ராட்5 தானே ஒரு பழுதுபார்ப்பு மரபணு! அதைச் சரிசெய்த டபிள்யூ303-ம் புழக்கத்தில் இருக்கிறது. உங்களிடம் இருப்பது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அதில் எந்தப் பழுதுபார்ப்பு ஆய்வையும் தொடங்காதீர்கள்.

இரண்டாவது: பெரிய அளவில் மரபணுக்களை இணைசேர்த்துப் பார்க்கும் ஆய்வுகளுக்காகச் செய்த ஸ்ட்ரெயின்கள் சிலவற்றில் கேன்1 வேண்டுமென்றே நீக்கப்பட்டிருக்கும். பெட்டியில் பிஒய் என்று தொடங்கும் எண் இருப்பதால் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். பிஒய்4741-இல் கேன்1 நன்றாக இருக்கிறது, கனவானின் சோதனைக்கு ஏற்றது. ஆனால் அதில் யூரா3 (யுராசில் தயாரிக்க உதவும் மரபணு) முழுவதும் நீக்கப்பட்டது. ஆகவே யூரா3 கெடுவதை எண்ணும் ஃபோவா சோதனை அதில் நேரடியாக நடக்காது. ஃபோவா என்பது 5-ஃப்ளூரோ ஓரோட்டிக் அமிலம், யூரா3 நன்றாக இருக்கும் செல்லைக் கொல்லும்.

மூன்றாவது: ஒற்றைமடியா, இரட்டைமடியா? அதாவது குரோமோசோம் ஒரு தொகுதியா, இரண்டா? இரட்டைமடி செல்லில் கேன்1-க்கு இரண்டு பிரதி. ஒன்று கெட்டாலும் மற்றது நச்சை உள்ளே விடும். அதனால் காலனி கிட்டத்தட்ட வராது. நீங்களோ "வீதம் குறைந்துவிட்டது, அற்புதம்" என்று நினைத்துக்கொள்வீர்கள். ஒற்றைமடி ஈஸ்ட் ஃப்ரீசரில் இருக்கும்போது இரட்டைமடியாகாது. ஆனால் வளர்த்து வளர்த்துப் பரிமாறும்போது அப்படி ஆன செல்கள் மேலோங்குவது உண்டு. எதிர் இணைவு வகைச் சோதனை ஸ்ட்ரெயினோடு சேர்த்துப் பாருங்கள். இணைந்தாலும் ஒற்றைமடி என்று உறுதியில்லை, வசதி இருந்தால் ஃப்ளோ சைட்டோமீட்டரில் டிஎன்ஏ அளவையும் பாருங்கள்.

நான்காவது: மரபணு நீக்கத் தொகுப்பிலிருந்து (ஒவ்வொன்றிலும் ஒரு மரபணு நீக்கிய ஸ்ட்ரெயின்களின் சேகரிப்பு) எடுத்த ஸ்ட்ரெயினை அப்படியே பயன்படுத்துவது. ஜி418 மருந்து உள்ள பிளேட்டில் வளர்கிறது என்றால் எதிர்ப்பு மரபணு எங்கோ இருக்கிறது என்று மட்டுமே பொருள். நீக்க வேண்டிய மரபணு உண்மையிலேயே போனதா என்று பிசிஆரில் (குறிப்பிட்ட டிஎன்ஏ பகுதியைப் பெருக்கும் முறை) இரு பக்கமும் பாருங்கள். மரபணுவின் உள்ளே ஒரு பிரைமர் (பெருக்கத்தைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு) வைத்து, அங்கே எதுவும் பெருகவில்லை என்றும் உறுதி செய்யுங்கள். அந்தத் தொகுப்பில் கணிசமான ஸ்ட்ரெயின்களில் குரோமோசோம் எண்ணிக்கையே மாறியிருப்பது 2000-ஆம் ஆண்டிலேயே வெளிவந்த செய்தி.

ஐந்தாவது, பழுதுபார்ப்பு மரபணுக்களுக்கே உரியது: இந்த ஈஸ்டில் வைத்திருக்க வைத்திருக்க மாற்றம் சேர்ந்துகொண்டே போகும். எம்எஸ்எச்2 இல்லாத ஸ்ட்ரெயினைக் குளிர்பெட்டியில் பிளேட்டில் வைத்து, வாரா வாரம் அதிலிருந்து எடுத்துப் பரப்பினால், ஆறு மாதம் கழித்து உங்களிடம் இருப்பது வேறு உயிரி. நல்ல வழி இது: ஒரு பிரதி மட்டும் நீக்கப்பட்ட இரட்டைமடியை மைனஸ் 80-இல் வைத்திருங்கள். அதில் பழுதுபார்ப்பு நன்றாகவே நடக்கும். தேவைப்படும்போது வித்து உண்டாக்கி, நான்காகப் பிரித்து, புத்தம் புதிய ஒற்றைமடிகளை எடுங்கள். வித்து உண்டாக 3 முதல் 5 நாள், பிரித்தபின் காலனியாக 2 அல்லது 3 நாள். நுண்ணோக்கியின் கீழ் பிரிப்பதற்குக் கை பழக ஒரு வாரமாவது ஆகும். சலிப்பாக இருந்தாலும் கற்றுக்கொள்ளுங்கள். ஒரே நான்கு வித்துகளில் நீக்கியது இரண்டு, நீக்காதது இரண்டு கிடைக்கும். ஒப்பிட இதைவிட நேர்மையான இணை இல்லை.

கடைசியாக ஒரு எளிய சோதனை. ராட்52 போன்றவை உண்மையிலேயே போயிருந்தால், டிஎன்ஏவைச் சேதப்படுத்தும் எம்எம்எஸ் என்ற வேதிப்பொருள் கலந்த பிளேட்டில் ஈஸ்ட் சுருண்டுவிடும். 0.005 விழுக்காடு போதும். எம்எம்எஸ் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். புகை உறிஞ்சும் ஹூட்டுக்குள் மட்டும் திறங்கள், கையுறை போடுங்கள், மிச்சத்தைச் சோடியம் தயோசல்ஃபேட் கரைசலில் ஊற்றிச் செயலிழக்கச் செய்யுங்கள்.

4. பிளேட்டும் செலவும்

கனவானின் விலை மலைக்க வைக்கும். ஆனால் கணக்குப் போட்டால் பயம் போகும். லிட்டருக்கு 60 மில்லிகிராம்தான் தேவை. ஒரு பிளேட்டுக்கு 25 மி.லி. என்றால் ஒரு லிட்டரில் 40 பிளேட். ஒரு கிராம் வாங்கினால் 16 லிட்டருக்கு மேல் வரும், அதாவது 650 பிளேட்டுக்குக் குறையாது. ஒரு முனைவர் பட்டத்துக்கே ஏறக்குறையப் போதும். ஃபோவா அப்படியல்ல. லிட்டருக்கு ஒரு கிராம் போட வேண்டும், ஒரு கிராமில் 40 பிளேட்தான். அதனால் முதல் சோதனைக்குக் கனவானினையே எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

மூன்று ஸ்ட்ரெயின், ஒவ்வொன்றுக்கும் 16 கல்ச்சர் (திரவ ஊடகத்தில் தனித்தனியாக வளர்க்கும் ஈஸ்ட்): 12 கனவானினுக்கு, 4 மொத்த செல்லை எண்ணுவதற்கு. எண்ணுவதற்குரிய ஒவ்வொன்றுக்கும் இரண்டு சாதாரண பிளேட். ஆக 36 கனவானின் பிளேட், 24 சாதாரண பிளேட். இதற்கு மேல் ஐந்தாறு பிளேட் கூடுதலாக ஊற்றி வையுங்கள். பூஞ்சணம் ஒன்றிரண்டைத் தின்றுவிடும்.

ஊற்றும்போது கவனிக்க வேண்டியவை: கனவானினை ஆட்டோகிளேவில் போடாதீர்கள். தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, ஊடகம் 55 டிகிரிக்கு ஆறியபின் சேருங்கள். ஊடகத்தில் ஆர்ஜினின் இருக்கவே கூடாது. கடையில் வாங்கும் "முழு" அமினோ அமிலக் கலவையில் ஆர்ஜினின் இருக்கும். அதைப் போட்டுவிட்டால் நச்சோடு ஆர்ஜினினும் வாசலில் போட்டியிடும், கனவானின் வேலை செய்யாது, எல்லாம் வளர்ந்துவிடும். ஆர்ஜினின் இல்லாத கலவை என்று பார்த்து வாங்குங்கள், அல்லது நீங்களே எடைபோட்டுக் கலந்துகொள்ளுங்கள். நானே கலந்துகொண்ட பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது.

சோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே ஊற்றி மேசைமேல் உலர விடுங்கள். ஈரப் பிளேட்டில் செல்கள் வழிந்து ஓரத்தில் குவியும், எண்ண முடியாது.

5. நாள் கணக்கு

வெள்ளி மாலை: ஃப்ரீசரிலிருந்து நேராகப் பிளேட்டில் கோடிழுங்கள். முடிந்தால் ஒரே மரபணு நீக்கத்தின் இரண்டு அல்லது மூன்று தனித்தனி வித்துக் காலனிகளிலிருந்து. ஒன்றில் மட்டும் வேறு கோளாறு ஒளிந்திருந்தால் அப்போதுதான் தெரியும்.

திங்கள் காலை: காலனியை எடுத்துத் தண்ணீரில் கலக்கி, செல்களை எண்ணி, நீர்த்து, ஒவ்வொரு கல்ச்சரிலும் சுமார் 200 செல் மட்டும் போடுங்கள். ஏன் இவ்வளவு குறைவு? தொடக்கத்திலேயே ஒரு கேன்1 கெட்ட செல் உள்ளே போய்விட்டால் அது பெருகி, கடைசியில் கல்ச்சரில் எதிர்ப்பு செல் குவிந்து நிற்கும். பலர் ஒரு குச்சி நிறைய ஈஸ்டை அள்ளிப் போடுகிறார்கள். வீதம் அதிகமுள்ள ஸ்ட்ரெயினில் அது நிச்சயம் கெடுக்கும்.

கல்ச்சரின் அளவு ஸ்ட்ரெயினைப் பொறுத்தது. எதுவும் நீக்காத ஈஸ்டுக்கு அரை மி.லி. வைத்தேன். நிரம்பும்போது சுமார் 5 × 10⁷ செல். எம்எஸ்எச்2 நீக்கியதற்கும் அரை மி.லி. வைத்தால் பிளேட்டில் ஆயிரக்கணக்கில் காலனி வந்து எண்ணவே முடியாது. அதற்கு 96 குழித் தட்டில் 50 மைக்ரோலிட்டர் வையுங்கள். செல் பத்தில் ஒன்று, காலனி நூற்றைம்பது வாக்கில் வரும். ஊடகம் ஆர்ஜினின் இல்லாததாகவே இருக்கட்டும். செறிவான வைபிடி ஊடகத்தில் வளர்த்தால் அதிலுள்ள ஆர்ஜினின் பிளேட்டுக்குக் கூடவே வரும். வைபிடிதான் வேண்டும் என்றால் சுழற்றி, தண்ணீரில் ஒருமுறை கழுவிய பிறகே பரப்புங்கள்.

30 டிகிரியில் இரண்டு நாள்.

புதன்: பரப்பும் நாள். அரை மி.லி. கல்ச்சரைச் சுழற்றி, நூறு மைக்ரோலிட்டரில் கலக்கி, முழுவதையும் ஒரு பிளேட்டில் கண்ணாடி மணி போட்டுப் பரப்புங்கள். முழுவதையும் என்பதை மீண்டும் சொல்கிறேன். பாதியை மட்டும் பரப்பினால் கணக்கு மாறும், கீழே பாருங்கள். எண்ணுவதற்கான நான்கு கல்ச்சரை ஒரு லட்சம் மடங்கு நீர்த்து, நூறு மைக்ரோலிட்டரைச் சாதாரண பிளேட்டில் பரப்புங்கள். சுமார் நூறு காலனி வரும். 50 மைக்ரோலிட்டர் கல்ச்சரை முதலில் தண்ணீர் சேர்த்து அரை மி.லி. ஆக்கிக்கொண்டு, பிறகு பத்தாயிரம் மடங்கு நீர்த்தால் போதும். மொத்த வேலைக்கு மூன்று நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். இடையில் வகுப்பு வைத்துக்கொள்ளாதீர்கள்.

செல் எண்ணும் கண்ணாடித் தட்டில் மட்டும் எண்ணிவிட்டு விடாதீர்கள். ராட்52 இல்லாத கல்ச்சரில் செத்த செல் நிறைய இருக்கும். கண்ணாடித் தட்டில் செத்ததும் செல்லாகத்தான் தெரியும். உயிருள்ளவை எத்தனை என்பது காலனி எண்ணினால்தான் வரும்.

வெள்ளி: சாதாரண பிளேட்டை எண்ணுங்கள். சனி அல்லது ஞாயிறு: கனவானின் பிளேட்டை எண்ணுங்கள். எல்லா ஸ்ட்ரெயினையும் ஒரே நாள் வைத்து எண்ணுங்கள். நாள் தள்ளிப்போனால் பின்னால் முளைக்கும் குட்டிக் காலனிகள் பிளேட்டிலேயே பிறந்தவை, அவை உங்கள் கல்ச்சரைச் சேர்ந்தவை அல்ல. மெதுவாக வளரும் ஸ்ட்ரெயினுக்கு மட்டும் ஒரு நாள் கூட்டிக் கொடுக்கலாம். அப்படிச் செய்தால் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

6. கணக்கு: சராசரியைத் தொடாதீர்கள்

ஒரு மாதிரிக் கணக்கு. பன்னிரண்டு பிளேட்டில் வந்த காலனிகள்: 18, 22, 25, 29, 33, 36, 40, 44, 47, 58, 71, 412.

சராசரி கிட்டத்தட்ட 70. பன்னிரண்டில் பத்து பிளேட் 60-க்குக் கீழே இருக்கும்போது 70 என்ற எண் எதைக் குறிக்கிறது? அந்த 412 ஒரு தவறு அல்ல, அதைத் தூக்கி எறியவும் கூடாது. அந்தக் கல்ச்சரில் மாற்றம் மிக முன்னதாகவே நிகழ்ந்து, அந்த ஒரு செல்லின் வாரிசுகள் பெருகிவிட்டன. லூரியாவும் டெல்ப்ரூக்கும் 1943-இல் காட்டிய ஏற்ற இறக்கம் இதுதான். ஆகவே இடைநிலையை எடுங்கள். இங்கே 36-க்கும் 40-க்கும் நடுவே, 38.

இடைநிலையிலிருந்து, ஒரு கல்ச்சரில் எத்தனை தனித்தனி மாற்ற நிகழ்வு நடந்தது என்று கண்டுபிடிக்க லீ, கூல்சன் முறை கைகொடுக்கும். இடைநிலையை நிகழ்வு எண்ணால் வகுத்து, அதிலிருந்து நிகழ்வு எண்ணின் இயல் மடக்கையைக் கழித்தால் 1.24 வர வேண்டும். எக்செல்லில் எண்ணை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தால் 10.6-இல் பொருந்தும். அதை மொத்த செல் எண்ணிக்கை 5 × 10⁷ ஆல் வகுத்தால் 2.1 × 10⁻⁷. எதுவும் நீக்காத ஈஸ்டுக்கு 1 முதல் 3 × 10⁻⁷ வரை வந்தால் உங்கள் கை சரியாக இருக்கிறது. 10⁻⁶-ஐத் தொட்டால் ஸ்ட்ரெயினையோ ஊடகத்தையோ சந்தேகப்படுங்கள்.

இந்தக் கணக்கு புரிவதற்காக. கட்டுரையில் போடும் எண்ணுக்கு, எல்லாப் பிளேட்டையும் கணக்கில் எடுக்கும் அதிகபட்ச நிகழ்தகவு முறையைப் பயன்படுத்துங்கள். ஆர் மென்பொருளில் ஆர்-சால்வடோர் என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது. அது நம்பக எல்லையையும் சேர்த்துத் தரும். இரு ஸ்ட்ரெயினின் 95 விழுக்காடு எல்லைகள் விலகி நிற்கின்றனவா என்று பாருங்கள். பன்னிரண்டு கல்ச்சரில் எல்லை அகலமாகத்தான் வரும். இரண்டு மடங்கு வேறுபாட்டை நிரூபிக்க வேண்டியிருந்தால் 24 கல்ச்சருக்குக் குறையாமல் வையுங்கள். வேறு வேறு நாளில் மூன்று முறை செய்யுங்கள்.

கல்ச்சரில் பத்தில் ஒரு பங்கை மட்டும் பரப்பினீர்களா? வந்த நிகழ்வு எண்ணைப் பத்தால் பெருக்கிவிடாதீர்கள். சரியான திருத்தம் இது: பரப்பிய பங்கிலிருந்து ஒன்றைக் கழித்து, அதை, பங்கையும் பங்கின் இயல் மடக்கையையும் பெருக்கி வந்த எண்ணால் வகுக்க வேண்டும். பத்தில் ஒரு பங்குக்கு அது 3.9 வரும். பத்துக்கும் 3.9-க்கும் உள்ள தூரத்தை யோசியுங்கள். எனக்கு ஒரு முழு அட்டவணையே இதில் தவறிப்போய், திரும்பப் போட்டேன்.

7. மறுகூட்டிணைவை அளப்பது

முறை அதேதான். எண்ணுவது மட்டும் வேறு. புதியவருக்கு எளிது, லியூ2 மரபணுவின் கெட்ட பிரதிகள் இரண்டை ஒரே திசையில் அடுத்தடுத்து வைத்து நடுவே யூரா3 செருகிய ஸ்ட்ரெயின். இரண்டு பிரதியும் வெவ்வேறு இடத்தில் கெட்டிருக்கும். மறுகூட்டிணைவு நடந்தால் நல்ல லியூ2 ஒன்று உருவாகும், லியூசின் இல்லாத பிளேட்டில் வளரும்.

வளர்ந்ததோடு வேலை முடியவில்லை. அந்தக் காலனிகளை யுராசில் இல்லாத பிளேட்டுக்கு அச்செடுங்கள் (ரெப்ளிகா பிளேட்டிங்). அங்கும் வளர்ந்தால் நடுவிலிருந்த யூரா3 பத்திரம். ஒரு பிரதி இன்னொன்றைப் பார்த்துத் திருத்திக்கொண்டது என்று பொருள். வளராவிட்டால் நடுப்பகுதி வெட்டுண்டு போய்விட்டது. இரண்டும் வேறு வேறு வழிகள். வெட்டுண்டு போவதற்கு ராட்52 வேண்டும், அதன் கூட்டாளியான ராட்51 கட்டாயம் இல்லை. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகக் கொடுத்தால், ராட்51 நீக்கிய ஈஸ்டில் ஒன்று ஏறி ஒன்று இறங்கி, மொத்தத்தில் ஒன்றுமே நடக்காதது போல் தோன்றும். நானும் அப்படி ஒரு வரைபடத்தைப் போட்டுக் கைடிடம் கொண்டுபோனேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "பிரித்துப் பார்த்தாயா?"

வீதம் மிகக் குறைந்த ஸ்ட்ரெயினில் பாதிப் பிளேட் காலியாக இருக்கும். இடைநிலை பூஜ்யம் ஆகிவிட்டால் மேலே சொன்ன முறை உதவாது. அப்போது காலிப் பிளேட்டின் விகிதத்தை எடுங்கள். பன்னிரண்டில் ஏழு காலி என்றால், ஏழைப் பன்னிரண்டால் வகுத்து, அதன் இயல் மடக்கையை எடுத்து, குறியை மாற்றினால் 0.54. ஒரு கல்ச்சருக்கு அத்தனை நிகழ்வு.

எம்எஸ்எச்2 இங்கே இன்னொரு முகம் காட்டும். இரண்டு பிரதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் அதை நீக்கினாலும் பெரிய மாற்றம் இல்லை. பிரதிகளுக்கு இடையே எழுத்து வேறுபாடு இருந்தால், நீக்கியதும் மறுகூட்டிணைவு கூடும். பொருந்தாத இணைப்பைத் தடுத்து நிறுத்துவதும் அதன் வேலை என்பதால்தான். உங்கள் இரு பிரதிகளும் எவ்வளவு ஒத்தவை என்று தெரியாமல் எம்எஸ்எச்2-இன் மறுகூட்டிணைவு எண்ணை விளக்கப் போகாதீர்கள்.

8. வரிசையைப் படித்துப் பாருங்கள்

வீதம் ஏறியது என்பது பாதிச் செய்தி. எந்த வகை மாற்றம் ஏறியது என்பதுதான் எந்தப் பழுதுபார்ப்பு வழி போனது என்று சொல்லும். கேன்1 சுமார் 1,770 எழுத்து நீளம். பிசிஆரில் முழுவதும் பெருக்கி, மூன்று பிரைமர் வைத்தால் முழு வரிசையும் வந்துவிடும். வெளியே அனுப்பினால் பெரும்பாலும் ஒரு வாரத்தில் திரும்பும். கட்டணம் ஒரு பிரைமர் ஓட்டத்துக்கு இவ்வளவு என்றுதான் போடுவார்கள். ஆகவே 20 காலனி என்பது 60 ஓட்டம். முன்கூட்டியே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

ஒரு கல்ச்சரிலிருந்து ஒரே ஒரு காலனி மட்டும் எடுங்கள். அந்த 412 காலனிப் பிளேட்டிலிருந்து பத்தை எடுத்தால் பெரும்பாலும் ஒரே தாயின் பத்துப் பிள்ளைகளைத்தான் படிப்பீர்கள். பணமும் போய், "இந்த இடத்தில் மாற்றம் குவிகிறது" என்ற பொய்யான முடிவும் மிஞ்சும். இருபது வேண்டுமானால் இருபது கல்ச்சர் வேண்டும்.

என்ன தேட வேண்டும்? எம்எஸ்எச்2 போனால் ஒரே எழுத்து தொடர்ந்து வரும் இடங்களில் ஓர் எழுத்து விழுந்திருக்கும் அல்லது கூடியிருக்கும். எம்எஸ்எச்6 போனால் எழுத்து மாற்றங்கள் முன்னே நிற்கும். ஓஜிஜி1 (ஆக்சிஜனேற்றத்தால் கெட்ட ஜி எழுத்தை நீக்குவது) போனால் ஜி இருந்த இடத்தில் டி, அல்லது எதிர் இழையில் பார்த்தால் சி இருந்த இடத்தில் ஏ. ராட்27 போனால் சிறு துண்டு ஒன்று அப்படியே இரட்டித்திருக்கும். அந்தத் துண்டின் இரு முனையிலும் ஒரே மாதிரியான சில எழுத்துகள் இருக்கும். முதல் முறை அந்த இரட்டிப்பை வரிசையில் பார்த்தபோது பிசிஆர் கோளாறு என்று நினைத்து இரண்டு வாரம் திரும்பத் திரும்பப் பெருக்கினேன். கோளாறு இல்லை, அதுதான் விடை.

பிசிஆரில் கேன்1 பெருகவே இல்லை என்றாலும் அந்தக் காலனியைக் குப்பையில் போடாதீர்கள். ஐந்தாம் குரோமோசோமின் இடது முனையோடு மரபணு முழுவதுமே போயிருக்கலாம். கேன்1-க்கு இரு பக்கமும் தள்ளித் தள்ளிப் பிரைமர் வைத்து, எதுவரை இருக்கிறது, எங்கிருந்து இல்லை என்று பாருங்கள். அந்தக் காலனியை மட்டும் உடனே கிளிசராலில் போட்டு மைனஸ் 80-இல் வைத்துவிடுங்கள்.